தாய் தந்த இரவல் கவசம்

பிறந்த அன்று குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடிகளில் (கிருமிகளை எதிர்க்கும் புரதங்களில்) ஏறக்குறைய எல்லாமே தாயுடையவை. அவள் கண்டு மீண்ட நோய்கள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள் ஆகியவற்றால் உருவான ஐஜிஜி வகை ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சேர்கின்றன.

இவை தாமாகக் கசிந்து வருவதில்லை. நஞ்சுக்கொடியின் செல்களில் உள்ள எஃப்சிஆர்என் என்ற ஏற்பி, ஐஜிஜியைப் பிடித்து, சிதையாமல் காப்பாற்றி, மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாத வாக்கில் தொடங்கும் இந்த வேலை கடைசி வாரங்களில்தான் சூடுபிடிக்கும். அதனால் மாதம் நிறைந்து பிறக்கும் குழந்தையிடம் தாயைவிடவும் சற்று அதிகமாகவே ஐஜிஜி இருக்கும். குறைமாதக் குழந்தைக்கோ அந்த முக்கியமான வாரங்களே கிடைப்பதில்லை. அவர்களைத் தொற்றிலிருந்து அத்தனை கவனமாகக் காக்க வேண்டியிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். கக்குவான் இருமல் தடுப்பூசியைப் பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கே போடுகிறார்கள். குழந்தைக்குத் தன் முதல் ஊசி வரும்வரை தாயின் ஆன்டிபாடி காக்கும்.

ஐஜிஎம் வகை நஞ்சுக்கொடியைக் கடக்காது. ஆகவே பிறந்த குழந்தையிடம் ரூபெல்லாவுக்கு எதிரான ஐஜிஎம் இருந்தால், கருவிலேயே தொற்று ஏற்பட்டுக் குழந்தை தானே அதைத் தயாரித்திருக்கிறது என்று மருத்துவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அப்புறம் தாய்ப்பால். சீம்பாலில் நிறைந்திருக்கும் ஐஜிஏ வகை ஆன்டிபாடி பெரும்பாலும் ரத்தத்துக்குள் போகாமல் குடலிலேயே தங்கி, கிருமிகள் குடல் சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது. கன்றுக்குட்டியின் கதை வேறு. அதற்கு நஞ்சுக்கொடி வழியாக ஆன்டிபாடி வருவதில்லை. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலிலிருந்துதான் ரத்தத்துக்கே கிடைக்க வேண்டும்.

சரி, இந்த இரவல் எத்தனை நாள் தாங்கும்? ஐஜிஜியின் அளவு சுமார் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. குழந்தையின் சொந்தத் தயாரிப்பு மெதுவாகத்தான் ஏறும். எனவே மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மொத்த அளவு மிகவும் தாழ்ந்துவிடும். ஆன்டிபாடியே தயாரிக்க முடியாத பிறவிக் குறைபாட்டை 1952-இல் அமெரிக்க மருத்துவர் ஆக்டன் புரூட்டன் விவரித்தார். அந்தக் குறைபாட்டோடு பிறப்பவர்கள் பொதுவாக முதல் சில மாதங்கள் நலமாகவே இருப்பார்கள். தாயின் பங்கு தீர்ந்த பிறகே தொற்றுகள் வரிசையாகத் தொடங்கும்.

இதே கவசம் தடுப்பூசிக்குக் குறுக்கேயும் நிற்கும். தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த உயிருள்ள வைரஸ். தாயின் ஆன்டிபாடி மிச்சமிருந்தால் அதையும் முடக்கிவிடும். குழந்தையின் உடல் எதையும் கற்காது. ஊசியை 9 அல்லது 12 மாதம்வரை தள்ளிப்போட முக்கியக் காரணம் இதுதான். தாமதம் அலட்சியம் அல்ல, கணக்கு.

இரண்டு வயதுக்குள் இன்னொரு குறையும் உண்டு. சில பாக்டீரியாக்கள் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறைக்கு எதிராக நல்ல ஆன்டிபாடி உருவாகாது. அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்தால் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் உதவிக்கு வருகின்றன, பச்சைக் குழந்தையும் பதில் தருகிறது. ஹிப், நியூமோகாக்கஸ் ஆகிய பாக்டீரியாக்களுக்கு எதிரான கான்ஜுகேட் (இணைப்பு) தடுப்பூசிகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

பெரியவர்களின் அளவை முதலில் எட்டுவது ஐஜிஎம். ஐஜிஜி அங்கே வர பள்ளி வயதாகிவிடும். ஐஜிஏ பதின்ம வயதுவரைகூட ஏறிக்கொண்டே இருக்கும்.