ஒரு மூலை, இரண்டு வேலை

ஷூட்டர் எனப்படும் துப்பாக்கிச் சண்டை வீடியோ கேமுக்கு மேப், அதாவது ஆடுகளம், கட்டும் மென்பொருளான மேப் எடிட்டரைப் புதிதாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கட்டுவது ஒரு பிரம்மாண்டமான கூடம்தான். நான்கு சுவர், உயரமான கூரை, நடுவே வரிசையாகத் தூண்கள். எடிட்டரில் பார்க்க ஜோராக இருக்கும். உள்ளே இறங்கி ஆடினால் கணினி திணறும். ஆட்டமும் சப்பென்று இருக்கும். எங்கே நின்றாலும் எல்லாம் தெரிகிறது, முதலில் பார்த்தவர் சுடுகிறார், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றே.

1996-ல் வந்த க்வேக், 1998-ல் வந்த ஹாஃப்-லைஃப் போன்றவற்றில் மேப் என்பது பிரஷ் எனப்படும் திடமான கட்டிகளால் ஆனது. கட்டி முடித்ததும் கம்பைல் செய்ய வேண்டும், அதாவது கம்பைலர் என்ற நிரலைக் கொண்டு அதை விளையாட்டு படிக்கக்கூடிய கோப்பாக மாற்ற வேண்டும். அப்போது முதலில், சுவர்களின் தளங்களை வைத்து மொத்த இடமும் இரண்டிரண்டாக வெட்டப்பட்டுச் சிறு துண்டுகளாகிறது. பிஎஸ்பி என்ற இந்த முறையை ஃபூக்ஸ், கெடெம், நேய்லர் ஆகிய மூவர் 1980-ல் வெளியிட்டார்கள். நிரலாளர் ஜான் கார்மாக் அதை 1993-ல் டூம் விளையாட்டில் பயன்படுத்தினார்.

அடுத்த கட்டம்தான் முக்கியம். ஒவ்வொரு துண்டிலிருந்தும் வேறு எந்தெந்தத் துண்டுகள் கண்ணில் படக்கூடும் என்று கணக்கிட்டு ஒரு பட்டியல் போடப்படுகிறது. அதன் பெயர் விஸ். ஆடும்போது, நீங்கள் நிற்கும் துண்டின் பட்டியலில் இருப்பதை மட்டும் வரைந்தால் போதும். கூடத்தில் என்ன ஆகும்? எல்லாப் பட்டியலிலும் எல்லாமே இருக்கும். போதாக்குறைக்கு, தூண்கள் எதையும் உருப்படியாக மறைக்காமல் இடத்தை இன்னும் பல துண்டுகளாக வெட்டிக் கணக்கை இழுத்தடிக்கும். க்வேக் 2-ல் அத்தகைய பிரஷ்களை டீட்டெய்ல் என்று குறித்து இந்த வெட்டிலிருந்து விலக்கிவிடலாம்.

சரி, இரண்டு அறைகளை இணைக்கும் பாதையை 'ட' போல வளைத்துப் பாருங்கள். ஓர் அறையின் பட்டியலிலிருந்து மற்றது கழன்றுவிடும். அதே வளைவு ஆடுபவரையும் மாற்றிவிடுகிறது: அந்தப் பக்கம் யார் என்று தெரியாது, காலடிச் சத்தத்தைக் கவனிக்கிறார், போகலாமா காத்திருக்கலாமா என்று யோசிக்கிறார்.

இதெல்லாம் நடக்க மேப் முழுவதும் அடைபட்டிருக்க வேண்டும். சுவரும் கூரையும் சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் லீக் என்று கம்பைலர் கத்தும். மேப்பில் வைத்த விளக்கு, ஆள் முதலியவற்றிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல் அது இடத்தை நிரப்பிப் பார்க்கிறது. தண்ணீர் வெளியே உள்ள வெறுமையை எட்டினால் ஓட்டை என்று பொருள், விஸ் கணக்கும் நடக்காது. அப்போது கம்பைலர் எழுதித் தரும் பாயிண்ட் ஃபைல் என்ற கோப்பை ஏற்றினால் ஓட்டைவரை போகும் கோடு எடிட்டரில் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டே போய் அடைக்கலாம். பலரும் பொறுமையிழந்து மேப் முழுவதையும் ஒரு பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுகிறார்கள். லீக் போய்விடும்தான், ஆனால் சுவர்களின் வெளிமுகங்களும் 'உள்ளே' என்று ஆகி, கணக்கில் சேர்ந்துவிடும். தயவுசெய்து வேண்டாம். எடிட்டரின் கட்டக் கோடுகளான கிரிட்டை 16 யூனிட்டுக்கு (யூனிட் என்பது விளையாட்டின் நீள அளவு) வைத்து, அதில் ஒட்டியே கட்டினால் முக்கால்வாசி ஓட்டைகள் வராது.

கடைசிக் கட்டத்தில் வெளிச்சமும் நிழலும் கணக்கிடப்பட்டுச் சுவர்களில் பதிகின்றன. அளவு விஷயத்தில் எடிட்டரில் கண்ணை நம்ப வேண்டாம். ஹாஃப்-லைஃபில் நிற்கும் ஆளின் உயரம் 72 யூனிட், அகலம் 32. தாவாமல் ஏறக்கூடிய படி 18 யூனிட் வரைதான்.

இரண்டு அறை மேப்பை ஓடவிட்டு, ஆர்-ஸ்பீட்ஸ் என்ற கட்டளையைப் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். எத்தனை பலகோணங்கள் வரையப்படுகின்றன என்று திரையில் எண் ஓடும். வளைவைத் தாண்டும் இடத்தில் அது சட்டென்று மாறும். அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு எதிர் அறையிலிருந்து வரச் சொல்லுங்கள். முதல் குண்டு பெரும்பாலும் அங்கேதான் வெடிக்கும்.