பல்லி தின்ற பூனை என்று கொண்டுவந்தார்கள்

"பல்லியத் தின்னுருக்கு டாக்டர், அதான் வாயில எச்சில் ஒழுகுது." பூனைக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கிற வசனம் இது. பெரும்பாலும் வாய்ப்புண்ணாக இருக்கும், சில சமயம் நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவியிருப்பார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு அக்கா கூடையில் கொண்டுவந்த எட்டு மாதக் குட்டி ஒன்றரைக் கிலோகூடத் தேறவில்லை, கூடப் பிறந்தது மூன்று கிலோவாம். சாம்பல் நிற நாட்டுப்பூனை, கண் மட்டும் புளி போட்டுத் தேய்த்த செம்புக்குடம் மாதிரி. எப்போது இப்படி ஆகிறது என்று கேட்டேன். "மீனு தின்னு ரெண்டு மணி நேரத்துல சுவத்துல தலைய முட்டிக்கிட்டு நிக்கும், கண்ணு தெரியாத மாதிரி நடக்கும். மறுநாள் சரியாயிடும் டாக்டர்."

அந்த மறுநாள்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

குடலிலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போய்ச் சுத்தமான பிறகுதான் இதயத்துக்குப் போக வேண்டும். சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே கல்லீரலைத் தொடாமல் குறுக்கே போகும் ஒரு ரத்த நாளம் இருக்கும், ஷன்ட் என்போம். அதன் வழியாக, தின்ற கறியிலிருந்து குடலில் உண்டாகும் அமோனியாவும் மற்ற நச்சுகளும் வடிகட்டாமலே மூளைக்கு ஏறுகின்றன. எச்சில், திடீர் மூர்க்கம், தடுமாற்றம், பார்வை மங்கல், வலிப்பு எல்லாம் அதனால்தான். முன்பு ஒருமுறை இப்படி ஒரு குட்டிக்கு வெறும் வலிப்பு மாத்திரை எழுதி அனுப்பியவன் நான், இன்றும் உறுத்துகிறது.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம்கள் நார்மலாகவே வரலாம். ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவை வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து ஒரு தடவை பார்க்க வேண்டும். அப்புறம் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன், தேவைப்பட்டால் சிடி.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா, "அப்ப இனிமே தயிர்சாதம் மட்டும் போடுறேன்" என்றார். தயவுசெய்து வேண்டாம். அமோனியாவை யூரியாவாக மாற்ற, புரதத்தில் இருக்கும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தேவை, பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தானாகத் தயாரித்துக்கொள்ளாது. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், அர்ஜினைன் இல்லாத உணவை ஒரே ஒரு வேளை கொடுத்ததற்கே சில மணி நேரத்தில் பூனைகளுக்கு அமோனியா எகிறிவிட்டது! அளவோடு நல்ல புரதம், கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, அதுதான் சரி. கூடவே அமோனியாவைக் குறைக்க, நமக்கு மலச்சிக்கலுக்குத் தருகிற அதே லாக்டுலோஸ், தேவைப்பட்டால் ஆன்டிபயாடிக். அறுவை சிகிச்சையில் அந்த நாளத்தைச் சுற்றி வளையமோ செல்லோபேன் பட்டையோ போடுவார்கள், அது சில வாரங்களில் மெல்ல மூடும். சட்டென்று மூடினால் குடல் பக்கம் ரத்த அழுத்தம் ஏறிவிடும். மெல்ல மூடினாலும் முதல் சில நாட்களில் வலிப்பு வரலாம், பூனைகளில் இந்த ஆபத்து உண்மையானது, மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

இன்னொன்று. எச்சில் ஒழுக, கடிக்க வருகிற, தடுப்பூசி போடாத பூனை என்றால் ரேபிஸ் சந்தேகமும் உண்டு. வெறுங்கையால் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு முதலில் உங்கள் ஊசிக்குப் போங்கள். பூனை கிறுகிறுத்து நிற்பதைத் தூர நின்று போனில் வீடியோ எடுங்கள், கடைசியாக என்ன தின்றது, எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.