ஃபார்மேட் அடித்தால் பயாஸ் திரும்பி வராது

பவர் லைட் எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. பயாஸ் (லேப்டாப்பை முதலில் எழுப்பும் நிரல்) அப்டேட் ஓடும்போது பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, "சாஃப்ட்வேர் பிரச்சினைதானே, ஃபார்மேட் அடிச்சுக் குடுங்க" என்று கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்த மாதத்தில் எத்தனையாவது லேப்டாப் என்று எண்ணுவதையே விட்டாயிற்று.

பயாஸ் ஹார்ட் டிஸ்கில் இல்லை. மதர்போர்டில், பெரும்பாலும் எட்டுக் கால் வைத்த ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. டிஸ்கையே மாற்றினாலும் அது அப்படியேதான் கிடக்கும். ரேமை எழுப்பி, பென்டிரைவைத் தேடுவதே அந்தச் சிப்பில் உள்ள நிரல்தான். அது செத்தபின் விண்டோஸை எதன் வழியாக ஏற்றுவது?

"ஓஎஸ், அதாவது விண்டோஸோ லினக்ஸோ, அந்தச் சிப்பைத் தொடாது" என்பவர்களுக்கு: 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்ட பல லெனோவோ லேப்டாப்களில் பயாஸ் செட்டிங்கைச் சேமிக்க முடியவில்லை. கெர்னலில் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி), அந்தச் சிப்போடு பேசும் இன்டெல் எஸ்பிஐ டிரைவரை இயக்கி வைத்ததுதான் காரணம். உபுண்டுக்காரர்கள் டவுன்லோடையே நிறுத்திவிட்டு, 2018 ஜனவரியில்தான் திருத்திய பதிப்பைத் தந்தார்கள். 2008-ல் லினக்ஸ் 2.6.27 சோதனைக் கெர்னல்கள் இன்டெல் நெட்வொர்க் சிப்பின் நினைவகத்தை அழித்தன. எல்லோரும் அந்தச் சிப்பை இயக்கும் இ1000இ டிரைவரைத் திட்டினார்கள். கடைசியில் மாட்டியது எஃப்ட்ரேஸ், கெர்னலின் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கருவி. நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத பகுதி! எழுதும் வழியைப் பூட்டாமல் விட்டால் இப்படித்தான்.

பயாஸ் அப்டேட் என்றால் சார்ஜரும் வேண்டும், பேட்டரியில் சார்ஜும் வேண்டும். மாடல் எண் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். நடுவில் திரை கறுத்தால் தயவுசெய்து காத்திருங்கள், பட்டனில் கை வைக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட்டும் சில சமயம் ஃபெர்ம்வேரை (பயாஸ் போல சிப்பில் இருக்கும் நிரல்) கொண்டுவரும்; அணைக்காதே என்று திரையில் வந்தால் அணைக்காதீர்கள்.

யூடியூப் பார்த்து சிஹெச்341ஏ புரோகிராமர் (சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் கருவி) வாங்கும் தம்பிகளுக்கு: சிப்பில் அதன் கிளிப்பை மாட்டும் முன் சார்ஜர், பேட்டரி இரண்டையும் கழற்றுங்கள். சிப்பின் எண்ணை லென்ஸ் வைத்துப் படியுங்கள். டபிள்யூ25கியூ64எஃப்வி 3.3 வோல்ட், எஃப்டபிள்யூ என்று முடிந்தால் 1.8 வோல்ட். ஒரே எழுத்துதான் வித்தியாசம், 1.8 வோல்ட் சிப்பை வோல்டேஜ் குறைக்கும் அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப் போய்விடலாம். இரண்டு முறை ரீட் செய்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அழியுங்கள். அடுத்த லேப்டாப்பின் டம்பை (சிப்பிலிருந்து படித்தெடுத்த ஃபைல்) அப்படியே ஏற்றாதீர்கள்: உங்கள் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் அதன் பழைய ஃபைலில்தான் இருக்கின்றன. கெட்டுப்போன டம்பாக இருந்தாலும் அதை அழிக்காமல் கொண்டுவாருங்கள்.