ஆளில்லாத ஆலயத்தில் கேட்கும் காலடி

தெற்கு கோவாவில், கான்சாவ்லிமை ஒட்டிய குவெலிம் குன்றின் மேல், கடலைப் பார்த்தபடி ஒரு வெள்ளைச் சிற்றாலயம் இருக்கிறது. 1599இல் எழுந்த ரெமேதியுஸ் மாதா ஆலயம் அது. வெளியூர்க்காரர்களுக்கு அது பேய்க்குப் பேர்போன ‘மூன்று அரசர் கோயில்’. ஊரைப் பங்குபோட்ட மூன்று போர்த்துகீசிய அரசர்களில் ஒருவன் மற்ற இருவரையும் விருந்துக்கு அழைத்து விஷம் வைத்தானாம். ஊரே திரண்டு வரவும் மிச்ச விஷத்தைத் தானும் குடித்தானாம். மூவரும் இன்னும் அங்கே நடமாடுவதாகப் பேச்சு.

சரித்திரத்தில் இதற்கு இடமே இல்லை. கோவாவில் இருந்தவர் வைஸ்ராய். அரசர் கடலுக்கு அப்பால் ஐரோப்பாவில் இருந்தார். மூன்று அரசர் என்பது குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளைக் குறிக்கும். ஜனவரி 6 திருவிழாவில் மூன்று சிறுவர்கள் அரச வேடமிட்டுக் குதிரையேறி அந்தக் குன்றுக்கு வருகிறார்கள். அன்று ஆலயம் நிரம்பி வழியும். பேய்க் கதைகளிலோ ஆலயம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. விஷயமே இந்த வித்தியாசத்தில்தான்.

சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும், ஆள் விழுங்குவார். இதை எண்ணாக்கியவர் ஹார்வர்டின் இயற்பியலாளர் வாலஸ் செபைன். 1895இல், பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யும் வேலை அவருக்கு வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அதில் பிறந்த சூத்திரம்: எதிர்முழக்க நேரம் (நொடியில்) = 0.161 × கன அளவு ÷ உறிஞ்சும் பரப்பு.

கணக்குக்காக 20 மீட்டர் நீளம், 9 அகலம், 8 உயரமுள்ள ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். கன அளவு 1,440 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 824 சதுர மீட்டர். சுண்ணாம்புக் காரையும் கல்தரையும் மரக் கூரையும் சராசரியாக 5 சதவீத ஒலியை உறிஞ்சினால், உறிஞ்சும் பரப்பு (824இல் 5 சதவீதம்) வெறும் 41 சதுர மீட்டர். ஒலி அடங்க 5.6 நொடி ஆகும். அதே கூடத்தில் 200 பேர் உட்கார்ந்தால், ஆளுக்குச் சுமார் 0.45 சதுர மீட்டர் வீதம் 90 கூடி, நேரம் 1.8 நொடிக்கு இறங்கிவிடும். காலியான ஆலயத்தில் ஒரு காலடி ஓசை சாகுமுன் அடுத்தடுத்துப் பல அடி வைத்துவிடலாம். நின்ற பிறகும் யாரோ நடப்பதுபோல இருப்பது அதனால்தான்.

அதைவிடச் சுவையானது திசைக் குழப்பம். ஒலி எழுமிடத்திலிருந்து நேராக வரும் ஒலியும் சுவர்களில் பட்டு வரும் ஒலியும் சமமாகும் தூரம் ஒன்று உண்டு. நம் காலிக் கூடத்தில் அது சுமார் 0.9 மீட்டர்தான். அதைத் தாண்டினால் சுவர்களின் பங்கே அதிகம். கைதட்டல் போன்ற கூர்மையான ஒலியில், முதலில் வந்து சேரும் அலையை வைத்து மூளை திசையைப் பிடித்துவிடும். கிசுகிசுப்புக்கும் காற்றின் முனகலுக்கும் அப்படித் தெளிவான தொடக்கம் கிடையாது. நடுவில் தூணோ பீடமோ மறித்தால் முதலில் வலுவாக வருவதே எதிரொலியாகிவிடலாம். ஆளில்லாத மூலையிலிருந்து குரல் வந்ததாகத் தோன்றும்.

போகிறவர்கள் இதை அங்கேயே சோதிக்கலாம். வழிபாடு இல்லாத வேளையில், அனுமதி கேட்டு, நடுவில் நின்று ஒரே ஒருமுறை கைதட்டிப் பதிவுசெய்யுங்கள். ஒலி 60 டெசிபல் (ஒலி மட்டத்தின் அலகு) இறங்க ஆகும் நேரம்தான் எதிர்முழக்க நேரம்; ஆனால் கடற்காற்றின் இரைச்சலுக்குள் அவ்வளவு ஆழம் கிடைக்காது. அதனால் 30 டெசிபல் இறங்கும் நேரத்தை எடுத்து இரண்டால் பெருக்க வேண்டும். போனில் இரைச்சல் நீக்கும் வசதி இயங்கினால் அடங்கும் ஒலியின் வாலை வெட்டிவிடும், அளவு பொய்யாகும். பதிவு மட்டத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதி இன்னும் மோசம்: அமைதி வந்ததும் அது பின்னணி இரைச்சலைத் தூக்கிக் காட்டும். ‘ஆவியின் குரல்’ என்று சுற்றுகிற பதிவுகளில் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் இதுதான்.

காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் ஒலிதான் பேய் என்ற விளக்கமும் பிரபலம். பிரிட்டிஷ் பொறியாளர் விக் டாண்டி 1998இல் ஓர் ஆய்வகத்தின் மின்விசிறியைக் காட்டி அதை எழுதினார். ஆனால் லண்டனில் 79 பேரை ஓர் அறைக்குள் அனுப்பி, தாழ்ந்த ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்த சோதனையில் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. சொன்னால் நம்பும் இயல்பே காரணமாக இருக்கக்கூடும் என்று அந்த ஆய்வாளர்கள் 2009இல் எழுதினார்கள். கதையைப் படித்துவிட்டுக் குன்றேறுகிறவர் பாதிப் பேயைக் கையோடு கொண்டுபோகிறார்.

பொழுது சாய்ந்ததும் கேட்கும் ‘டக்’ ஓசை பெரும்பாலும் கூரையுடையது. 6 மீட்டர் இரும்புக் கம்பி 15 டிகிரி குளிர்ந்தால் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். உராய்வு பிடித்துவைத்து, பிறகு சட்டென்று விடும். அலறல் என்றால் மேலே பாருங்கள்: பழைய கோபுரங்களில் கூகை குடியிருக்கும். அது பறக்கும்போது சத்தமே வராது, முகமும் வெள்ளை.

தானாக நகரும் கதவுக்கும் கணக்கு இருக்கிறது. தடித்த கல்சுவரால் உட்காற்று வெளியைவிட 6 டிகிரி குளிர்ந்திருந்தால், 8 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1.9 பாஸ்கல் அழுத்த வேறுபாடு வரும். இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் அது முழுதாக விழுந்தால் கிட்டத்தட்ட 400 கிராம் எடை தள்ளுவதற்குச் சமம். எண்ணெயிட்ட கீலுக்கு அது தாராளம். மெல்லிய காகிதத் துண்டைத் திறந்த வாசலின் அடியில் பிடித்தால் வெளிப்பக்கம் சாயும். உயரத்தில் சன்னல் திறந்திருந்தால், அங்கே உள்பக்கம் சாயும்.