எரிமலைத் தாதுல இருக்குற கந்தகம் எங்கேர்ந்து வந்துச்சு?

கடலுக்கு அடியில எரிமலை இருக்குற இடங்கள்ல உருவாகுற சல்ஃபைடு (உலோகமும் கந்தகமும் சேந்த கனிமம்) படிவுகள்லேர்ந்து நமக்குக் காப்பர், ஜிங்க், ஈயம் எல்லாம் கணிசமா கிடைக்குது. இது உருவாகுறதை நேர்லயே பாத்தது 1979ல, ஆல்வின் நீர்மூழ்கி கிழக்கு பசிபிக் கடலடி மலைத்தொடர்ல இறங்கினப்ப சுமார் 350 டிகிரி சூட்டுல தண்ணி கறுப்புப் புகையா பீறிட்டு வந்துட்டு இருந்துச்சு. கடல்தண்ணி விரிசல் வழியா கீழ போய் சூடாகி, பாறைல இருக்குற உலோகத்தைக் கரைச்சுக்கிட்டு மேல ஏறுது, குளிர்ந்த தண்ணியோட கலந்ததும் கந்தகத்தோட சேந்து படிஞ்சிடுது.

ஆனா அந்தக் கந்தகம் யாரோடது? கடல்தண்ணிலயே சல்ஃபேட்டா (ஆக்சிஜனோட சேந்த கந்தகம்) நிறைய இருக்கு, பாறையிலயும் இருக்கு, மாக்மா, அதாவது உருகின பாறைக்குழம்பு விடுற வாயுலயும் இருக்கு. எதுலேர்ந்து வந்தாலும் கண்ணுக்கு ஒரே பைரைட்தான், அதாவது இரும்பு சல்ஃபைடுதான்.

இங்கதான் ஐசோடோப், அதாவது ஒரே தனிமத்தோட வேற வேற எடையுள்ள அணுக்கள், உதவுது. கந்தகத்துல சுமார் 95 சதவீதம் 32 எடை, 4 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல 34 எடை, இந்த விகிதம் இடத்துக்கு இடம் லேசா மாறும். அரிசோனால விழுந்த கேன்யன் டையாப்லோ விண்கல்லுல இருந்த ட்ராய்லைட் கனிமத்தை ஜீரோன்னு வச்சு, அதுலேர்ந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, குறைன்னு அளக்க ஆரம்பிச்சாங்க. பூமியோட மேலோட்டுக்குக் கீழ இருக்குற மேண்டில்லேர்ந்து வந்த எரிமலைப் பாறை ஜீரோவை ஒட்டி நிக்கும், இன்னைக்குக் கடல் சல்ஃபேட் +21 கிட்ட இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இவ்ளோ பெரிய இடைவெளி இருக்குறதாலதான் இந்த முறையே வேலை செய்யுது. தாதுல +5 வந்தா, சல்ஃபேட் முழுசா சல்ஃபைடா மாறிடுச்சுன்னு வச்சுக்கிட்டா, கால்வாசி கடலோடது, மீதி பாறையோடதுன்னு கணக்கு வரும்.

கடல் பங்கு ஏன் இவ்ளோ கம்மின்னா, கீழ இறங்குற தண்ணி 150 டிகிரியைத் தாண்டும்போது அதுல இருக்குற சல்ஃபேட்ல பெரும்பகுதி கால்சியத்தோட சேந்து அன்ஹைட்ரைட்டா வழியிலயே படிஞ்சிடுது, தப்பிச்சுப் போற கொஞ்சம்தான் இன்னும் சூடான ஆழத்துல இரும்புள்ள பாறையோட வினை புரிஞ்சு சல்ஃபைடா மாறுது. ஜப்பானோட குரோக்கோ படிவுகள்ல இது ரொம்பத் தெளிவா தெரியும், ஒரே படிவுல சல்ஃபைடு +5 பக்கம் இருக்கும், கூடவே இருக்குற சல்ஃபேட் கனிமங்கள் +20ஐத் தாண்டும், அதாவது அந்தக் காலத்துக் கடலோட முத்திரை அப்படியே இருக்கு.

மைனஸ் எண் வந்தாதான் சிக்கல். மாக்மாவுல இருந்து வர்ற சல்ஃபர் டைஆக்சைடு தண்ணியில கரைஞ்சு ஒரு பகுதி கந்தக அமிலமாவும் இன்னொரு பகுதி ஹைட்ரஜன் சல்ஃபைடாவும் பிரியும்போது லேசான கந்தகம் சல்ஃபைடு பக்கம் சேருது, எண் மைனஸுக்குப் போகுது. ஆனா சல்ஃபேட்டைச் சுவாசிக்கிற பாக்டீரியாவும் லேசானதைத்தான் விரும்பி எடுக்கும், அதுவும் மைனஸ்தான், பல சமயம் ரொம்ப அதிகமா. அதனால ஒரே ஒரு எண்ணை வச்சு தீர்ப்பு சொன்னா நான் நம்ப மாட்டேன், பைரைட் எந்த வடிவத்துல வளர்ந்திருக்குன்னு மைக்ரோஸ்கோப்ல பாக்கணும், 33 எடையுள்ள கந்தகத்தையும் சேத்து அளக்கணும், ஏன்னா பாக்டீரியா வேலை பண்ணா 33க்கும் 34க்கும் இருக்குற உறவு கொஞ்சம் வேற மாதிரி விலகும்.

இந்த 33 ரொம்பப் பழைய படிவுகள்ல இன்னும் பெரிய விஷயம். சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட கிடையாது, ஓசோனும் கிடையாது, புற ஊதாக் கதிர் நேரா வந்து எரிமலை வாயுவை உடைச்சப்ப 33ல வழக்கமான கணக்குக்குள்ள அடங்காத ஒரு விலகல் உண்டாச்சு, அது மழையோட கடலுக்கும் வந்து சேந்துச்சு. காத்து வழியா போகாம மாக்மாலேர்ந்து நேரா வந்த கந்தகத்துல அந்த விலகல் இருக்காது. கனடாவுல கிட் க்ரீக், நொராண்டா மாதிரி 270 கோடி வருஷம் பழைய படிவுகளை அளந்து பாத்தப்ப விலகல் ரொம்பச் சின்னதாதான் வந்துச்சு, அந்தக் காலக் கடல்ல சல்ஃபேட்டே கம்மி, தாதுவோட கந்தகம் பெரும்பாலும் எரிமலையோடதுதான்.

உலோகம் எங்கேர்ந்துங்கிறதுக்குக் கந்தகம் பதில் சொல்லாது, அதுக்கு ஈய ஐசோடோப்தான். யுரேனியமும் தோரியமும் சிதைஞ்சு 206, 207, 208 எடையுள்ள ஈயம் கூடிக்கிட்டே போகும், 204 அப்படியே நிக்கும். பழைய கண்டப் பாறையோட விகிதம் ஒண்ணு, கடலடியில இருக்குற பசால்ட்ங்கிற எரிமலைப் பாறையோட விகிதம் வேற, தாதுல இருக்குற ஈயம் எதோட ஒத்துப்போகுதோ தண்ணி அந்தப் பாறை வழியாத்தான் ஓடியிருக்கணும்.