'பிரெயின் டெத்' பாதிச் சாவு இல்லை

இந்த மாதத்தில் மூன்றாவது முறை, ஐ.சி.யூ. வாசலில் அதே கேள்வி: "பிரெயின் டெத்னுதானே சொல்றீங்க டாக்டர், ஆள் இன்னும் சாகலையே?"

கேட்டவர் மேல் தப்பில்லை. 'டெத்' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லை நாங்கள் புழங்கும் லட்சணம் அப்படி. ரத்தம் ஓடாமல் கால்விரல் கறுத்தால் 'டிஷ்யூ டெத்'. ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இதயமும் மூச்சும் நின்றால் 'கிளினிக்கல் டெத்', உடனே நெஞ்சை அழுத்தி சி.பி.ஆர். கொடுத்தால் சிலர் திரும்பி வருகிறார்கள். இதே வரிசையில் 'பிரெயின் டெத்', அதாவது மூளைச்சாவு, என்றால், ஓர் உறுப்பு மட்டும் போனதாகவோ மீண்டு வரலாம் என்றோதான் தோன்றும். இரண்டும் இல்லை. அது மரணம்.

எனக்கு எரிச்சல் வருவது இதைக் கோமாவோடு குழப்பும்போதுதான். கோமாவில் மூளை அடிபட்டிருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது. பலர் தாமாகவே மூச்சு விடுவார்கள், சிலர் கண் விழிப்பார்கள். மூளைச்சாவில், மூச்சை இயக்கும் மூளைத்தண்டு உட்பட எல்லாம் போய்விட்டது. டார்ச் அடித்தால் கண்மணி சுருங்காது, தொண்டைக்குள் குழாயை விட்டாலும் இருமல் வராது. கடைசியில் வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடின் அழுத்தம் 60 மி.மீ. பாதரச அளவைத் தொடும்வரை காத்திருப்போம். உயிருள்ள மூளைத்தண்டு அந்த அளவில் சும்மா இருக்காது, மூச்சை இழுக்க வைக்கும். ஒரு மூச்சுகூட வரவில்லையென்றால் முடிந்தது. மயக்க மருந்தோ உடல் குளிர்ச்சியோ எங்களை ஏமாற்றவில்லை என்று உறுதிசெய்த பிறகே இதெல்லாம்.

"நெஞ்சு துடிக்குதே?" துடிக்கும். இதயத்தின் தாளம் இதயத்துக்குள்ளேயே பிறக்கிறது. தண்டுவட அனிச்சையால், அதாவது மூளை இல்லாமலே முதுகுத்தண்டு நரம்புகள் தாமாகச் செய்யும் அசைவால், கைகூட அசையலாம். அதைப் பார்த்துவிட்ட தாய்க்கு விளக்கிச் சொல்வது எங்கள் தொழிலிலேயே கொடுமையான வேலை.

1968-இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் குழு இதை வரையறுத்தபோது வைத்த பெயரே 'மீளாக் கோமா'. குழப்பத்துக்குப் பிள்ளையார்சுழி போட்டதில் எங்கள் ஆட்களுக்கும் பங்குண்டு.

சக மருத்துவர்களே, "பிரெயின் டெத் ஆயிடுச்சு, வென்டிலேட்டரை எடுத்தா இறந்துடுவார்" என்று ஒரே மூச்சில் ஒருவரை இரண்டு தடவை சாகடிக்காதீர்கள். 'லைஃப் சப்போர்ட்' என்ற பேச்சும் அங்கே வேண்டாம். "இறந்துவிட்டார், மெஷின்தான் காற்றைத் தள்ளுகிறது" என்று சொல்ல ஆங்கிலம் எதற்கு?

குடும்பத்தாரே, 'டெத்' என்ற சொல் காதில் விழுந்தால் எந்த டெத் என்று கேளுங்கள். கோமாவா, மூளைச்சாவா? மூச்சுப் பரிசோதனை முடிந்ததா? முடியவில்லையென்றால் இப்போதே ஒடிந்துபோகாதீர்கள். முடிந்துவிட்டதென்றால், தயவுசெய்து, வாட்ஸ்அப்பில் வரும் 'மீண்டு வந்தவர்' கதைகளைத் தேடாதீர்கள். நான் தோண்டிப் பார்த்தவை எல்லாம் கோமாவாகவோ, பரிசோதனை முழுதாக முடியாததாகவோதான் இருந்தன.

பரிசோதனையை நேரில் பார்க்க வேண்டுமா? கேளுங்கள், நான் மறுப்பதில்லை. சென்ற வாரம் ஓர் அண்ணன் கூடவே நின்று தம்பியின் அசையாத நெஞ்சைப் பார்த்தார். பிறகு கேட்டது ஒன்றுதான்: இறந்த நேரம் என்று எதை எழுதுவீர்கள்? இந்தப் பரிசோதனை முடிந்த நேரத்தைத்தான் என்றேன். மெஷினை நிறுத்தும் நேரத்தை அல்ல.