ரிவர்ஸ் எடுக்கும்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றுகிறது?

ஓட்டுநர் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "முன்னால் ஓட்டும்போது சொன்னபடி கேட்கிற கார், ரிவர்ஸில் கட்டத்துக்குள் விடும்போது மட்டும் ஏன் கோணலாகப் போகிறது? ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்பதே குழம்பிவிடுகிறது."

மெதுவாக ஊரும் காரில் டயர் உருளும், பக்கவாட்டில் வழுக்காது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மீதியெல்லாம் பள்ளிக்கூட வடிவியல்தான்.

ஒரு சக்கரம் வட்டப் பாதையில் உருண்டால், அந்த வட்டத்தின் மையம் சக்கரத்தின் அச்சை நீட்டினால் வரும் கோட்டில்தான் இருக்கும். பின்சக்கரங்கள் இரண்டும் திரும்புவதில்லை. ஆகவே கார் எப்படித் திரும்பினாலும் அதன் சுழல்மையம் பின் அச்சை நீட்டிய கோட்டில்தான் எங்கோ இருந்தாக வேண்டும். முன்சக்கரங்களின் அச்சுக்கோடுகளும் அதே புள்ளியில் வந்து சேர வேண்டும். அதற்காக உட்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சற்று அதிகமாகத் திரும்புகிறது. குதிரை வண்டிகளுக்காக ஜெர்மானியரான லாங்கென்ஸ்பெர்கர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. 1818இல் இங்கிலாந்தில் ருடால்ஃப் ஆக்கர்மன் காப்புரிமை பெற்றதால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் புள்ளியின் நடமாட்டம். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது அது முடிவிலியில் இருக்கிறது. ஒடிக்க ஒடிக்க, பின் அச்சின் கோட்டிலேயே வழுக்கிக்கொண்டு காரை நோக்கி வருகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் உள்ள காரில் முன்சக்கரங்கள் சராசரியாக 30 டிகிரி திரும்பினால், அந்தப் புள்ளி பின் அச்சின் நடுவிலிருந்து 4.33 மீட்டரில் வந்து நிற்கும். ஸ்டீயரிங்கைச் சக்கரம் திருப்பும் கருவியாக நினைக்காமல், இந்தப் புள்ளியை நகர்த்தும் கருவியாக நினைத்துப் பாருங்கள். கார் எந்த கியரில் இருக்கிறது என்பது அந்தப் புள்ளிக்குப் பொருட்டே இல்லை. வலப்பக்கம் ஒடித்தால் புள்ளி வலப்பக்கம். முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதைத்தான் கார் சுற்றும். கட்டம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே ஒடியுங்கள்.

அதே கணக்கில் முன் அச்சின் நடுப்பகுதி 5 மீட்டர் ஆரத்தில் சுற்றுகிறது. பின்பக்கம் சிறு வட்டம், முன்பக்கம் பெரிய வட்டம். ரிவர்ஸில் எல்லோருடைய கண்ணும் பின்னால் இருக்க, முன் மூலை வெளியே வீசிப் போவது இதனால்தான். குறுகிய கட்டத்துக்குள் ரிவர்ஸில் நுழைவது எளிதாக இருப்பதற்கும் இதுவே காரணம்: சிறு வட்டம் போடும் பகுதி முதலில் உள்ளே போய்விடுகிறது.

இப்போது கார் வரும் பாதைக்குச் செங்குத்தாகப் போட்ட கட்டத்துக்குள் விடுவோம். முழுக்க ஒடித்தால் அதே 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம்; பின் அச்சு கால் வட்டம் போடும். எனவே ஒடிக்கத் தொடங்கும்போது பின் அச்சு, கட்டத்தின் நடுக்கோட்டைத் தாண்டி 4.33 மீட்டரில் இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் முன்னதாகவோ பின்னதாகவோ தொடங்கினால் என்ன ஆகும்? கால் வட்டம் அப்படியே 30 சென்டிமீட்டர் இடம்பெயரும், அவ்வளவுதான். கார் ஓரமாக நிற்கும், ஆனால் கோணலாக நிற்காது. கோணலாக நின்றால் தவறு தொடக்கத்தில் இல்லை. ஸ்டீயரிங்கை நேராக்கிய நேரத்தில் இருக்கிறது. பழகும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பவருக்கு அடுத்த முறை எதைத் திருத்துவது என்று தெரியும்.

"கம்பம் கண்ணாடி ஓரத்தில் தெரிந்ததும் முழுக்க ஒடி" என்று அடையாளம் சொல்லிக் கொடுக்கிறார்கள். அடையாளம் நல்லதுதான். காரணத்தைச் சொல்லாமல் அதை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இருக்கையை நகர்த்தினாலோ வேறு காரில் ஏறினாலோ அந்தக் கம்பம் வேறு இடத்தில் தெரியும். பத்து நிமிடம் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக் காட்டினால் போதுமே!

வேகம் விஷயத்தில் ஒன்றே ஒன்று. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்க 3 விநாடி ஆகிறது, கார் விநாடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்றால், ஒடித்து முடிப்பதற்குள் 3 மீட்டர் போயிருக்கும். கால் வட்டக் கணக்கு அதிலேயே கலைந்துவிடும். கிளட்சில் ஊர்ந்து போகச் சொல்வது இதற்காகத்தான்.

சரியாக நிற்கவில்லை என்று முன்னால் எடுக்கும்போது பலரும் ஸ்டீயரிங்கை அதே ஒடிப்பில் வைத்திருக்கிறார்கள். வழுக்காத சக்கரம் வந்த தடத்திலேயே திரும்பிப் போகும். கார் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். இடம் மாற வேண்டுமென்றால் ஒடிப்பு மாற வேண்டும். கட்டத்துக்குள் நேராக, ஆனால் 30 சென்டிமீட்டர் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதா? வலப்பக்கம் முழுக்க ஒடித்து ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னேறுங்கள். கார் 15 டிகிரி திரும்பியிருக்கும். நிறுத்தி, இடப்பக்கம் முழுக்க ஒடித்து அதே தூரம் போங்கள். கார் மறுபடி நேராகிவிடும், 30 சென்டிமீட்டர் வலப்பக்கம் நகர்ந்தும் இருக்கும். பிறகு ஸ்டீயரிங்கை நேராக்கிப் பின்னால் விடுங்கள்.